பன்னிரண்டாவது கல்

டிராக்டர் வந்து பாதையை மறித்த குறுக்குக் கம்பிக்கு முன்னால் நின்றபோது காலை ஆறே முக்கால் இருக்கும். மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வெயில் முகம் காட்டியது. நம்பக்கூடிய வெயில் இல்லை. மேற்கே கரட்டுக்கு மேல் கறுப்பாக ஒரு மேகம் நகராமல் கிடந்தது. டிரெய்லரில் தார்ப்பாய் போட்டு மூடிய நெல். தங்கப்பாண்டி இறங்கி வந்து கம்பியை ஒரு உதை உதைத்தார். அது பூட்டிக் கிடந்தது. சாவி அவர் பெண்டாட்டி முத்துமீனாவின் இடுப்பில் இருந்தது. அவளோ கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு திறக்க மாட்டேன் என்றாள்.

எல்லா வீட்டிலும்தான் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுகிறார்கள். ரயில் இல்லாத ரயில் பாதைக்காகச் சண்டை போட்டது எங்கள் ஊரில் இந்த ஒரு வீடுதான்.

பாதையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வெளியூர்க்காரர்களுக்குப் பிடிபடாது. கரட்டடியில் கல் உடைத்த காலத்தில் ஜல்லி ஏற்றிப்போக ஒரு சின்ன லயன் போட்டிருந்தார்கள். வாடிப்பட்டி ரோட்டை ஒட்டியே நாலு கிலோமீட்டர் வந்து சமயநல்லூர்ப் பக்கம் பெரிய லயனில் சேரும். குவாரி மூடியதும் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மேடு மட்டும் மிச்சம். இருபது வருசம் அதில் கருவேலமுள் மண்டிக் கிடந்தது. பிறகு வயற்காட்டைப் பிளாட் போட்டு விற்றார்கள், மதுரையிலிருந்து வாத்தியார்களும் ஆபீஸ்காரர்களும் வந்து வீடு கட்டினார்கள், அவர்களுக்குக் காலையில் நடக்க இடம் வேண்டியிருந்தது. ஊர்க்காரர்களுக்கு மாடு ஓட்ட வழி வேண்டியிருந்தது. இரண்டு கூட்டமும் சேர்ந்து முள்ளை வெட்டி, பஞ்சாயத்தைப் பிடித்து, ஒரு பாதிக்குச் சிமெண்டும் மறு பாதிக்குச் செம்மண்ணுமாகப் போட்டு வாங்கினார்கள். சிமெண்டில் நடையும் சைக்கிளும். மண்ணில் ஆடு, மாடு, ஜல்லிக்கட்டுக் காளை. பார்த்துக்கொள்ள ஏழு பேர் கமிட்டி. தலைவர் லாசர் சார், மிஷன் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செயலாளர் முத்துமீனா.

அவளைச் செயலாளராகப் போட்டதற்கு அவள் வாய்தான் காரணம். ஷூ போட்டவர்களிடமும் பேசுவாள், காளை பிடிப்பவர்களிடமும் பேசுவாள், இரண்டு பேரையும் ஒரே மாதிரி வைவாள். மாசத்தில் முதல் ஞாயிறு முள் வெட்ட வராதவன் வீட்டு வாசலில் போய் அரிவாளோடு நிற்பாள். காளை சாணி போட்டால் காளைக்காரன் அள்ள வேண்டும், நாய் போட்டால் நாய்க்காரர் அள்ள வேண்டும் என்று சட்டம் போட்டதும் அவள்தான். பிளாட்டுக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு குனிந்து அள்ளியதைப் பார்க்கவே ஒரு வாரம் எங்கள் ஊர்ச் சனம் லயனுக்குப் போனது.

அப்படிப்பட்டவள் போட்ட சட்டம்தான் இப்போது அவள் நெல்லை மறித்து நின்றது. கம்பிக்குப் பக்கத்துப் போர்டில் கடைசி வரியாகப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது: லயனில் தானியம் காயப்போடக் கூடாது.

தங்கப்பாண்டி அதைப் பார்க்கவே இல்லை. அவர் வானத்தைப் பார்த்தார்.

“கைய விட்டுப் பாத்தேல்ல காலைல?” என்றார்.

பார்த்திருந்தாள். விடியுமுன் எழுந்து குவியலுக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பார்த்தாள். உள்ளே அடுப்படிச் சூடு. இரண்டு ஏக்கர் நெல். அடைமழை நடுவே கொஞ்சம் விட்ட சந்தில் அறுப்பு மிஷினை இறக்கி அறுத்தது, அறுத்த இரண்டு நாளாகச் சேர்த்து வைத்தபடியே கிடக்கிறது. இன்றைக்கு விரித்துக் கிண்டாவிட்டால் நாளைக்கு முளை வெள்ளையாக எட்டிப் பார்க்கும். முளைத்த நெல்லைக் கொள்முதலிலும் எடுக்க மாட்டான், வீட்டுக்கும் ஆகாது, மாட்டுக்குத்தான் போட வேண்டும். ஊரில் இருப்பது ஒரே களம். சீட்டுப் போட்டதில் இவர்கள் முறை வியாழக்கிழமை. அன்றைக்குத் திங்கள். நாலுவழிச் சாலை ஓரத்தில் போடலாமென்றால் போலீஸ்காரர் துரத்துகிறார், துரத்தாவிட்டால் லாரி ஏறுகிறது.

“ஊருக்கெல்லாம் சட்டம் போட்டுட்டு நானே விரிச்சா என்ன மொகத்தோட நிப்பேன்?” என்றாள்.

“மொகத்தத் திம்பியா?” என்றார் தங்கப்பாண்டி. சத்தம் போடவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

அவளுக்குச் சட்டம் மட்டும் உறுத்தல் இல்லை. அந்தச் சட்டம் வந்த கதை இருக்கிறதே, அதுதான்.

போன வருசம் இதே ஐப்பசி. அப்போது சட்டம் இல்லை, எல்லாரும் லயனில்தான் காயப்போட்டோம். நெல்லை விரித்தால் ஓரம் முழுக்கக் கல் வைப்போம், சைக்கிள் ஏறாமல் இருக்க. சாயங்காலம் நெல்லை அள்ளினாலும் கல்லை எடுக்க மாட்டோம். நாளைக்கு வருகிறவனுக்கு ஆகும் என்று அப்படியே விடுவோம். அது எங்களுக்குள் ஒரு மரியாதை. இன்னொருத்தன் குனிந்து கல் பொறுக்க வேண்டாமே என்கிற நல்ல எண்ணம்தான். லயனில் இருக்கிற இரண்டாம் பாலத்துக்குப் பக்கத்தில் இரண்டு நாள் காயப்போட்ட முத்துமீனாவும் அப்படித்தான் விட்டாள். அடுத்த நாள் அங்கே விரிக்க வேண்டியது செல்லத்தாய், தங்கப்பாண்டியின் கூடப்பிறந்த அக்கா. புருஷன் இல்லாமல் தனியாக முக்கால் ஏக்கர் பாடுபடுகிறவள். கிடக்கட்டும், மதினிக்கு ஆகும் என்றுதான் மீனா சொன்னாள்.

செல்லத்தாய்க்கு அன்றைக்கு மிஷின் கிடைக்கவில்லை, ஒரு நாள் தள்ளிப்போனது. வெறும் சிமெண்டில் கல் மட்டும் வரிசையாகக் கிடந்தது. விடிகாலை இருட்டு முழுக்கப் பிரியாத நேரத்தில் லாசர் சாரின் மகள் ஆஷ்லின் சைக்கிளில் வந்தாள். அவளும் டீச்சர்தான். கல்லில் ஏறிச் சரிந்து விழுந்து வலது மணிக்கட்டு ஒடிந்தது. மூன்று மாதம் இடது கையால் கரும்பலகையில் கோணல்மாணலாக எழுதினாள் அந்தப் பிள்ளை.

சனம் கூடி ‘யார் கல்லு, யார் கல்லு’ என்று கேட்டுக்கொண்டிருந்த அன்று காலை பத்து மணிக்குச் செல்லத்தாய் நெல்லைக் கொண்டுவந்து அந்தக் கல்லுக்கு நடுவிலேயே கொட்டினாள். அப்புறம் யாரும் கேட்கவில்லை. நான் வைத்த கல் இல்லை என்று அவள் நாலு பேரிடம் சொன்னாள். யார் வைத்தது என்று மட்டும் சொல்லவில்லை. மீனா பக்கத்தில்தான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. ஊரையே வைகிற வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

அந்த ஞாயிறே கமிட்டியில் சட்டத்தைக் கொண்டுவந்தாள். தப்பை மறைக்கிறவர்கள் சட்டத்தில் ரொம்பக் கறாராக இருப்பார்கள், கவனித்திருக்கிறேன். மறுநாள் செல்லத்தாய் அரைக்காய்ச்சலாக இருந்த நெல்லைத் திரும்ப விரித்தபோது, மீனாவே வாரியலை எடுத்து அதைச் செம்மண் பக்கம் கூட்டித் தள்ளினாள். அன்று மாலை மழை. மண்ணில் விழுந்த நெல் நாலு நாளில் பச்சென்று முளைத்து நின்றது, ஆடு மேய்ந்தது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. பொங்கலுக்குக்கூடத் தங்கப்பாண்டி மட்டும் போய் அக்கா கையில் சீரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

இப்போது கம்பிக்கு முன்னால் டிராக்டர் தடதடவென்று அதிர்ந்துகொண்டு நிற்கிறது. நடக்கிறவர்கள் குனிந்து கம்பிக்கடியில் நுழைந்து போகிறார்கள். போகிற போக்கில் டிரெய்லரைப் பார்க்கிறார்கள், மீனாவைப் பார்க்கிறார்கள். பாண்டிராஜ் தன் காளையை மண் பக்கம் நடத்திக்கொண்டு வந்தவன், “என்னக்கா, செயலாளர் வீட்டு நெல்லுக்குத் தனிச் சட்டமா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனான். விளையாட்டாகத்தான் கேட்டான். மீனா விறுவிறுவென்று பத்தடி நடந்தாள், திரும்பி வந்தாள், மேகத்தைப் பார்த்தாள், மறுபடி நடந்தாள்.

லாசர் சார் தொப்பியும் தடியுமாக வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டார். தார்ப்பாயைத் தூக்கி ஒரு பிடி நெல்லை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். வாத்தியார்தான், ஆனால் அவர் அப்பா மேலூர்ப் பக்கம் விவசாயம் பார்த்தவர், வாடை தெரியும்.

“ஒரு நாளைக்கு விடலாம் முத்துமீனா. எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா இந்தச் சட்டத்தால நெல்லப் பறிகொடுத்தது ஒரே ஆளு. அந்தம்மா சரின்னு சொன்னா நானும் சரி. அதைக் கேக்காம நாம தொறந்தா, அது நியாயமில்ல.”

சொல்லிவிட்டு அவர் நடையைத் தொடர்ந்தார். நாற்பது வருசம் பிள்ளைகளுக்குத் தண்டனை கொடுத்த மனுஷன், எது வலிக்கும் என்று தெரிந்துதான் கொடுத்தார் என்று எங்களில் சிலர் சொன்னோம். அது யார் வைத்த கல் என்று அவருக்கு அப்போது தெரியாது என்பதுதான் உண்மை.

தங்கப்பாண்டி தான் போய் அக்காவிடம் கேட்டு வருவதாகச் சொன்னார். மீனா வேண்டாமென்றாள். சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்க்க நடந்தாள்.

செல்லத்தாய் வாசலில் உட்கார்ந்து கருவாட்டுத் தலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பூனைகள் பக்கத்தில் காத்திருந்தன. மீனா வந்து நின்றதைப் பார்த்தாள். கை நிற்கவில்லை.

“மதினி” என்றாள் மீனா. ஒரு வருசம் கழித்துக் கூப்பிடுகிறாள்.

செல்லத்தாய் பூனைக்கு ஒரு தலையை எறிந்தாள்.

மீனா சொல்ல வந்ததைச் சொன்னாள். நெல் சூடேறிவிட்டது, களம் வியாழக்கிழமைதான், லாசர் சார் உங்களைக் கேட்கச் சொன்னார். இதற்கு மேல் ஒன்று சொல்ல வேண்டியது இருந்தது. அது மட்டும் வாயில் வரவில்லை.

“தம்பிக்கு நெல்லு வீணாப்போறதுல எனக்கென்ன சந்தோசம்?” என்றாள் செல்லத்தாய், கருவாட்டைப் பார்த்தபடியே. “விரிங்க.”

மீனா நகரவில்லை.

“ஆனா ஒண்ணு. கல்லு வைக்காம விரி.”

அவ்வளவுதான். வையவில்லை, அழவில்லை, பழசை எடுக்கவில்லை. நாலு அறை அறைந்திருந்தால் மீனா நிம்மதியாக வாங்கிக்கொண்டு வந்திருப்பாள். சட்டியைத் தூக்கிக்கொண்டு செல்லத்தாய் உள்ளே போய்விட்டாள். பூனைகள் மட்டும் மீனாவின் காலைச் சுற்றின.

கம்பியைத் திறந்தார்கள். இரண்டாம் பாலத்துக்குப் பக்கத்தில்தான் சிமெண்டு நல்ல அகலம், வெயிலும் மறைப்பில்லாமல் விழும். அங்கேயே கொட்டினார்கள். பாதி அகலத்துக்கு மட்டும் விரித்து, நடக்கிறவர்களுக்கு மறு பாதியை விட்டார்கள். கல் வைக்கவில்லை. அதற்குப் பதிலாக மேல்முனையில் மீனா நின்றாள், கீழ்முனையில் தங்கப்பாண்டி நின்றார். சைக்கிள் வந்தால் கையைக் காட்டினார்கள். இடையில் வெறுங்காலை இழுத்து இழுத்து நடந்து நெல்லைப் புரட்டிவிட்டார்கள். ஒரு நடை போய் ஒரு நடை வந்தால் நெல் கோடு கோடாகக் கிடக்கும், அடி நெல் மேலே வந்து ஆவி விடும். பதினோரு மணிக்கு வெயில் உறைத்தது. மீனா நாலு நெல்லைப் பல்லில் கடித்தாள். இன்னும் மெத்தென்றுதான் இருந்தது.

செல்லத்தாய் வரவில்லை. வருவாள் என்று மீனா எதிர்பார்த்தாளா, வந்துவிடக் கூடாது என்று பயந்தாளா, அவளுக்கே தெரியவில்லை. தெருப் பக்கம் ஆள் தலை தெரியும்போதெல்லாம் நடை நின்று நின்று போனது. தங்கப்பாண்டி பழைய சோற்றைக் கரைத்து ஒரு செம்பில் நீட்டினார். நின்றபடியே குடித்தாள். வெங்காயத்தைக் கடித்தவள் பாதியை நெல்லோரத்தில் தவறவிட்டு, அதையும் குனிந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். சிமெண்டின் மேல் எதையும் விட அவளுக்கு மனம் வரவில்லை.

இரண்டு மணிக்கு மேற்கே கிடந்த மேகம் எழுந்து வந்தது. முதலில் காற்று. வயலில் நின்ற தாளெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தது. தங்கப்பாண்டி ஓடிப்போய் நெல்லைப் பலகையால் குவிக்க ஆரம்பித்தார், மீனா வாரியலால் கூட்டித் தள்ளினாள். மண் பக்கம் வந்த பாண்டிராஜ் காளையைக் கருவேல மரத்தில் கட்டிவிட்டு வந்து கை கொடுத்தான். இரண்டு தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். காற்று அதைப் பிடித்துத் தூக்கியது. ஒரு முனையில் மீனா ஏறி உட்கார்ந்தாள், மறு முனை படபடவென்று அடித்தது.

“கல்லு வைய்யி” என்று கத்தினார் தங்கப்பாண்டி.

அவள் யோசித்தது ஒரு நொடி இருக்கும். பாலத்தடியில் பழைய லயன் ஜல்லி, உடைந்த கற்கள் கிடந்தன. ஓடி ஓடி எடுத்து வந்து வைத்தாள். வைக்கும்போது வாய்விட்டு எண்ணினாள். ஒரு பாய்க்கு ஆறு, இரண்டு பாய்க்குப் பன்னிரண்டு. பாண்டிராஜ் என்னக்கா எண்ணுகிறாய் என்று கேட்டான். அவள் அடுத்த கல்லுக்கு ஓடினாள்.

கால் மணி நேரம் கொட்டியது. மூன்று பேரும் ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பாலத்துச் சுவரோரம் ஒடுங்கி நின்றார்கள். பிறகு வந்த வேகத்திலேயே மழை போனது, சிமெண்டு ஆவி விட்டது, மஞ்சளாக ஒரு வெயில் அடித்தது. பாயை நீக்கிப் பார்த்தால் ஓரத்தில் இரண்டு மூடைபோல நனைந்திருந்தது, மற்றதெல்லாம் பொரபொரவென்று தப்பியிருந்தது. மீனா அப்படியே நெல்மேல் உட்கார்ந்துவிட்டாள். கடித்தாள். கடக்கென்றது. அவளுக்கு அழுகை வந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டு சாக்கைப் பிடித்தாள்.

இன்னொரு மேகம் வந்துவிடும் என்று எல்லாம் அவசரம் அவசரமாக நடந்தது. அள்ளு, கட்டு, ஏற்று. ஐந்தரைக்கு டிராக்டர் கிளம்பியது. வீட்டில் மூடையை இறக்கி அடுக்கி முடித்து, முகம் கழுவத் தண்ணீரை எடுத்தவள் செம்பைக் கீழே வைத்தாள்.

“கல்லெல்லாம் எடுத்தீங்களா?”

“எடுத்துட்டேன், எடுத்துட்டேன்” என்றார் தங்கப்பாண்டி. இரண்டாவது தடவை சொன்னதுதான் அவளுக்குச் சரியாகப் படவில்லை. பாயை உருவின வேகத்தில் கல் எங்கெங்கே உருண்டதோ. பொழுது சாயப் போகிறது. பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ் முடித்து ஆஷ்லின் வருகிற நேரம். மீனா ஈரக் காலோடு ஓடினாள்.

பாலத்துச் சுவரில் ஒரு உருவம் உட்கார்ந்திருந்தது. கிட்டப் போனபிறகுதான் செல்லத்தாய் என்று தெரிந்தது. அவள் காலடியில் கல் குவிந்து கிடந்தது.

“கல்லு வைக்காதேன்னேன்” என்றாள் செல்லத்தாய்.

“காத்து தூக்கிருச்சு மதினி.”

“பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பதினொண்ணு கெடந்துச்சு. எடுத்துட்டேன்.”

மீனா குனிந்து குவியலை எண்ணினாள். “பன்னெண்டு வச்சேன்.”

“நல்லா எண்ணுனியா?”

“எண்ணித்தான் வச்சேன்.”

செல்லத்தாய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “அப்ப இன்னொண்ணு கெடக்கு. நீ அந்த ஓரம் பாரு.”

ஆளுக்கொரு ஓரம் குனிந்துகொண்டு நடந்தார்கள். மழையில் நனைந்த கல்லும் நனைந்த சிமெண்டும் ஒரே நிறம். கண்ணால் ஆகாது என்று செல்லத்தாய் செருப்பைக் கழற்றிவிட்டு, நெல்லைக் கிண்டுவதுபோலக் காலை இழுத்து இழுத்து நடந்தாள். மீனாவும் அப்படியே செய்தாள். கால் தரையில் உரசுகிற சத்தம் மட்டும்.

தெற்கே சைக்கிள் மணி கேட்டது.

மீனா ஓடிப்போய்ச் சிமெண்டின் நடுவில் இரண்டு கையையும் விரித்து நின்றாள். ஆஷ்லின் பிரேக் பிடித்து ஒரு காலை ஊன்றினாள். என்னக்கா என்றாள்.

“எறங்கி மண்ணுப் பக்கமா தள்ளிட்டுப் போங்க டீச்சர். கல்லு ஒண்ணு கெடக்கு. என் கல்லு.”

ஆஷ்லின் சரியென்று இறங்கினாள். மீனா வழியை விடவில்லை. அவளுக்கு மூச்சு வாங்கியது. ஓடி வந்த மூச்சா என்னவோ.

“போன வருசம் உங்க கைய ஒடிச்சதும் என் கல்லுதான். மதினி கல்லு இல்ல. நீங்க விழுந்தப்ப மதினி இன்னும் நெல்லே கொண்டாரல. நான் வச்சிட்டுப் போன கல்லு. தெரிஞ்சே சொல்லாம இருந்தேன்.”

செல்லத்தாய் குனிந்தபடி நின்றவள் நிமிர்ந்தாள். இந்த வார்த்தைக்காக ஒரு வருசம் காத்திருந்தவள் அவள். ஊர் கூடி நிற்கும்போது வரும் என்று நினைத்திருப்பாள். வந்தபோது கேட்க அங்கே இருந்தது ஆஷ்லின் மட்டும்தான்.

ஆஷ்லின் வலது மணிக்கட்டை இடது கையால் ஒருமுறை பிடித்துப் பார்த்தாள், அது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. பிறகு செல்லத்தாயைப் பார்த்தாள். இரண்டு மாதத்துக்கு முன்னால்கூட இந்தப் பாதையில் செல்லத்தாய் எதிரே வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள்தான். “நாளைக்கு வீட்டுக்கு வாரேன்மா” என்று அவளிடம் சொன்னாள். மீனாவிடம் ஒன்றும் சொல்லாமல், சைக்கிளை மண்ணில் இறக்கித் தள்ளிக்கொண்டு போனாள். சக்கரம் சேற்றில் பதிந்து பதிந்து போனது.

“என்கிட்டயும் டீச்சர்கிட்டயும் சொன்னா பத்தாது” என்றாள் செல்லத்தாய். “ஞாயித்துக்கெழம கமிட்டியில சொல்லணும். எல்லாரும் இருக்கும்போது.”

“சொல்றேன் மதினி.”

“என் நெல்ல மண்ணுல தள்ளுனயே, அதையும் சேத்துச் சொல்லணும்.”

“சொல்றேன்.”

“ம். இப்ப கல்லத் தேடு.”

இருட்டிக்கொண்டு வந்தது. தேடினார்கள். செல்லத்தாயின் காலில்தான் இடறியது. ஓரத்தில் இல்லை, சைக்கிள் போகிற நடுப்பாட்டையிலேயே கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை. காலை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

“இந்தா இருக்கு. நீயே வந்து தூக்கு.”

ஒரு கைக்கு அடங்குகிற கல்தான். மீனா வந்து குனிந்து அதை இரண்டு கையாலும் தூக்கினாள்.